வாசலில் நின்ற மூத்த குமாரன்

பிராங்க் காப்ராவின் ‘இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்’ 1946 டிசம்பர் 20 அன்று நியூயார்க்கின் குளோப் திரையரங்கில் வெளியானது. போட்ட பணம் திரும்பவில்லை. 1974இல் பதிப்புரிமையை யாரும் புதுப்பிக்காமல் விட்டுவிட, காசு கொடுக்காமல் காட்டலாம் என்று கண்டுகொண்ட அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்கள் டிசம்பர்தோறும் அதை ஓட்டோ ஓட்டென்று ஓட்டின. தோற்ற படம் அப்படித்தான் கிறிஸ்துமஸ் வழக்கமாயிற்று.

இந்தப் படத்தில் கிறிஸ்தவம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், சிறகுக்காகக் காத்திருக்கும் தேவதூதனைப் பலரும் காட்டுவார்கள். இன்னும் சிலர், ஊருக்காகத் தன் கனவுகளைத் துறந்த ஜார்ஜ் பெய்லியைக் கிறிஸ்துவின் சாயல் என்பார்கள். எனக்கு இரண்டும் ஒப்பவில்லை. ஜார்ஜுக்கு வேதாகமத்தில் இடம் தேடினால் அது லூக்கா 15ஆம் அதிகாரத்தில், கெட்ட குமாரன் உவமையின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. தம்பிக்காக வீட்டில் விருந்து நடக்க, உள்ளே வரமாட்டேன் என்று வெளியே நிற்கிற மூத்த குமாரன் அவன். அவன் கடைசியில் உள்ளே போனானா என்று இயேசு சொல்லாமலே உவமையை முடித்துவிடுகிறார். காப்ரா அந்த இடத்திலிருந்து தொடர்கிறார் என்று கொண்டு காட்சிகளை வரிசையாகப் பார்க்கலாம்.

வீடுகளிலிருந்து எழும் ஜெபங்கள்

நாயகன் முகத்தைக் காட்டுவதற்கு முன்பே படம் அவனுக்காக ஜெபிக்கிறவர்களின் குரலைக் கேட்க வைக்கிறது. பெட்ஃபோர்டு ஃபால்ஸ் என்ற சிற்றூர், பனி மூடிய வீடுகள், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு மன்றாட்டு. மருந்துக்கடைக்காரர் கோவர், மதுக்கடை நடத்தும் இத்தாலியர் மார்ட்டினி, தாய், போலீஸ்காரர் பெர்ட், டாக்சி ஓட்டும் எர்னி, மனைவி மேரி, குழந்தைகள். மார்ட்டினி கத்தோலிக்க வழக்கப்படி திருக்குடும்பத்தையே பெயர் சொல்லி அழைக்கிறார். பெர்ட் வழக்கறிஞர் மாதிரி பேசுகிறார்: இவன் தன்னைப் பற்றி நினைத்ததே இல்லை, அதனால்தான் மாட்டிக்கொண்டான் என்கிறார். மகள் ஜூஜூவிடம் வாதம் எதுவும் இல்லை. அப்பா திரும்பி வரவேண்டும், அவ்வளவுதான்.

நல்லவன் என்பதால் உதவி கேட்பதும், நம்மவன் என்பதால் உதவி கேட்பதும் ஒன்றல்ல. முதலாவதில் கணக்கு இருக்கிறது, இரண்டாவதில் கிருபை இருக்கிறது. எந்த ஜெபத்துக்காக வானம் அசைந்தது என்று படம் சொல்வதில்லை. ஆனால் கணக்குப் பார்த்துப் பார்த்து நொந்துபோன ஒருவனின் கதைக்கு இந்த இரண்டு வகை ஜெபங்களையும் வாசலில் வைத்தது தற்செயலாகத் தோன்றவில்லை.

அடுத்து வருவது விண்மீன் கூட்டங்கள் மினுக்கி மினுக்கிப் பேசும் பரலோகம். அங்கே அதிகம் தங்க வேண்டாம். மனிதர் செத்துத் தேவதூதர் ஆவதில்லை. தூதர் தனிப் படைப்பு என்பதே சபைகளின் போதனை. மணி அடித்தால் சிறகு முளைக்கும் என்பதற்கு ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல் வரை ஆதாரம் கிடையாது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகூடத் திருத்திவிடும். சிசிலியில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த காப்ராவுக்கு இது தெரியாதிருக்க நியாயமில்லை. ஒரு வரி மட்டும் குறித்துக்கொள்ளத்தக்கது. தான் யாரிடம் அனுப்பப்படப் போகிறானோ அந்த மனிதனுக்கு நோயா என்று தூதன் கிளாரன்ஸ் கேட்கிறான். அதைவிட மோசம், மனம் விட்டுப்போயிருக்கிறான் என்று பதில் வருகிறது.

கேட்காத காது

1919. பன்னிரண்டு வயது ஜார்ஜ், பனிக்கட்டி உடைந்து குளத்தில் விழுந்த தம்பி ஹாரியைக் காப்பாற்றப் பாய்கிறான். தம்பி பிழைக்கிறான், அண்ணனின் இடது காது போய்விடுகிறது. அண்ணன் கணக்கின் முதல் வரி இங்கே எழுதப்படுகிறது.

அதே காதில்தான் கோவர் அடிக்கிறார். இன்ஃப்ளுயன்சாவில் மகன் இறந்த தந்தி வந்த நாள் அது. துக்கத்திலும் குடியிலும் மாத்திரைக் குப்பிகளில் விஷத்தை நிரப்பிவிடுகிறார். பையன் அதைக் கொண்டுபோய்க் கொடுக்காமல் திரும்பி வருகிறான். அடி விழுகிறது, காதிலிருந்து ரத்தம் வருகிறது, பிறகு உண்மை தெரிந்து கிழவர் பையனைக் கட்டிக்கொண்டு அழுகிறார். கோவராக நடித்த எச். பி. வார்னர், 1927இல் செசில் பி. டிமில்லின் ‘தி கிங் ஆஃப் கிங்ஸ்’ மௌனப் படத்தில் இயேசுவாக நடித்தவர். அதைக் கண்டு சிலர் பெரிய குறியீடுகளைக் கட்டியெழுப்புவதுண்டு. எனக்கு அது ஒரு ருசியான தற்செயல், அதற்கு மேல் இல்லை. காட்சியின் கனம் வேறிடத்தில் இருக்கிறது: பையன் இந்த ரகசியத்தை யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுக்கிறான், வாழ்நாள் முழுக்கக் காப்பாற்றுகிறான்.

இதே கடையில், கவுண்ட்டர் மேல் சாய்ந்து சிறுமி மேரி அவன் இடது காதில் ஒரு வார்த்தை சொல்கிறாள்: சாகும்வரை உன்னை நேசிப்பேன். அவனுக்குக் கேட்பதில்லை. உலகம் சுற்றப் போவதைப் பற்றி மும்முரமாகப் பேசிக்கொண்டிருக்கிறான். தனக்கு ஏற்கெனவே கொடுக்கப்பட்டதைக் கேட்க முடியாதவன் என்ற ஜார்ஜின் நிலையை இதைவிடச் சுருக்கமாக ஒரு காட்சியில் வைத்துவிட முடியாது.

தம்பிக்கு நடந்த விருந்து

கிறிஸ்தவ வாசிப்புகளில் பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போகிற காட்சி இது. படத்தின் முதுகெலும்பு இதுதான் என்பேன்.

தந்தை பீட்டர் பெய்லி திடீரென்று இறந்துபோகிறார். ஏழைகளுக்கு வீட்டுக்கடன் கொடுக்கும் அவருடைய சிறு நிறுவனத்தை மூடிவிட ஊரின் பெரும் பணக்காரன் பாட்டர் துடிக்கிறான். நிர்வாகக் குழு பாட்டருக்கு எதிராக வாக்களிக்கிறது, ஜார்ஜ் பொறுப்பேற்றால் மட்டும் என்ற நிபந்தனையோடு. பயணத்துக்கும் படிப்புக்கும் சேர்த்த பணம் ஹாரியின் கல்லூரிக்குப் போகிறது. நான்கு வருடம் கழித்து ஹாரி வந்து பொறுப்பை ஏற்பான், பிறகு அண்ணன் கிளம்பலாம் என்பது ஏற்பாடு. ஹாரி ரயிலிலிருந்து இறங்கும்போது கூடவே ஒரு மனைவி இறங்குகிறாள். அவளுடைய தந்தை பஃபலோ நகரத்தில் மாப்பிள்ளைக்கு நல்ல வேலையும் வைத்திருக்கிறார். நடைமேடையில், ஜார்ஜாக நடிக்கும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் முகத்தை விட்டு கேமரா நகர்வதில்லை. சிரிக்க முயன்று, கணக்குப் போட்டு, மறுபடி சிரிக்கிற முகம்.

அன்றிரவு வீட்டில் விருந்து. உள்ளே வெளிச்சம், சத்தம், வாழ்த்துகள். வெளியே இருட்டில் ஜார்ஜ். தூரத்தில் ரயில் ஊதுகிறது. சட்டைப்பையிலிருந்த பயண விளம்பரத் தாள்களை எடுத்துப் பார்த்துவிட்டு வீசி எறிகிறான். அப்போது தாய் வெளியே வருகிறாள்.

லூக்காவை இங்கே பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். வயலிலிருந்து வரும் மூத்த குமாரன் ஆட்டபாட்டம் கேட்டு உள்ளே போக மறுக்கிறான். தகப்பன் வெளியே வந்து வருந்தி அழைக்கிறான். இத்தனை வருடம் உழைத்தேனே, எனக்கு என்ன கிடைத்தது என்பது அவன் வழக்கு. என்னிடம் இருப்பதெல்லாம் முன்பே உன்னுடையதுதானே என்பது தகப்பனின் பதில். ஹாரி கெட்ட குமாரன் இல்லைதான். அவன் சொத்தை அழித்தவனல்ல, அன்பான பிள்ளை; அண்ணனை விடுவிக்கத் தயாராகவும் இருந்தான். ஆனால் மூத்தவனின் மனநிலைக்குத் தம்பி கெட்டவனாக இருக்கவேண்டிய அவசியமே இல்லை. வீட்டிலேயே இருந்து கடமை செய்தவன், அந்தக் கடமையையே ஒரு கடன்பத்திரமாக மனதில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறான் என்பதுதான் நோய்.

ஜார்ஜ் கொடுக்கிறவன், ஆனால் உற்சாகமாய்க் கொடுக்கிறவன் அல்ல. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் அந்த வித்தியாசத்தைச் சொல்கிறார். நல்லவனின் கசப்பை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய கிறிஸ்துமஸ் படம் வேறு இல்லை.

இரண்டாயிரம் டாலரும் இருபதாயிரமும்

ஜார்ஜுக்கும் மேரிக்கும் கல்யாணமான நாளன்று மக்கள் பீதியில் பணத்தை எடுக்க ஓடி வருகிறார்கள். டாலருக்கு ஐம்பது சென்ட் தருகிறேன் என்று பாட்டர் வலை விரிக்கிறான். தேனிலவுக்கு வைத்திருந்த 2,000 டாலரைத் தூக்கிப் பிடித்து, எவ்வளவு வேண்டும் என்று கேட்பவள் மேரி. ஜார்ஜ் அல்ல, அவள்தான் முதலில் நீட்டுகிறாள். 242 டாலர் முழுதாக வேண்டும் என்று அடம் பிடிப்பவரும் வரிசையில் உண்டு, 17 டாலர் 50 சென்ட் போதும் என்று கூச்சத்தோடு கேட்கும் பெண்ணும் உண்டு. கடை மூடும்போது மிச்சம் இரண்டு டாலர். பிறகு மார்ட்டினி குடும்பம் சொந்த வீட்டுக்குக் குடிபோகையில், மேரியும் ஜார்ஜும் அப்பம், உப்பு, திராட்சரசம் கொடுத்து வாழ்த்துகிறார்கள். மார்ட்டினியைப் போன்ற குடியேறிகளைப் பூண்டு தின்கிறவர்கள் என்று இழித்துப் பேசுபவன் பாட்டர். ஆறு வயதில் அமெரிக்கா வந்த சிசிலிப் பையன் அந்த வார்த்தையைச் சும்மா எழுதியிருக்க மாட்டான்.

வாரம் 45 டாலர் வாங்கும் ஜார்ஜைக் கூப்பிட்டு, வருடம் 20,000 டாலர், மூன்று வருட ஒப்பந்தம், கையில் ஒரு சுருட்டு என்று பாட்டர் ஆசை காட்டுவது வனாந்தரச் சோதனையின் நேரான நகல், விளக்கம் வேண்டாம். ஜார்ஜ் தடுமாறிவிட்டு, கைகொடுத்த பிறகுதான் சுதாரிக்கிறான் என்பது மட்டும் குறிக்கத்தக்கது. இயேசு தடுமாறவில்லை. கிறிஸ்துவின் சாயல் என்போருக்கு இந்த இடம் இடிக்கும்.

செய்தித்தாளுக்குள் போன பணம்

போரில் ஹாரி கடற்படை விமானி. பதினைந்து விமானங்களை வீழ்த்தி, படையினர் நிறைந்த ஒரு கப்பலைக் காப்பாற்றி, நாட்டின் உயரிய வீரப்பதக்கம் பெறுகிறான். காது கேளாத ஜார்ஜ் ஊரில் பழைய டயர் சேகரிக்கிறான். அந்தக் காது யாரால் போனது என்பதை நாம் மறந்திருக்க மாட்டோம்.

1945 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், மறதிக்காரச் சித்தப்பா பில்லி 8,000 டாலரைத் தொலைக்கிறார். எப்படி? ஹாரியின் வெற்றி அச்சிடப்பட்ட செய்தித்தாளை வைத்துப் பாட்டரைச் சீண்டுகிறார். பண உறை அந்தத் தாளுக்குள் மடிந்து பாட்டரின் மடிக்குப் போய்விடுகிறது. தம்பியின் புகழைச் சுமந்த தாளுக்குள்ளேயே அண்ணனின் அழிவு மறைந்திருக்கிறது.

15,000 டாலர் ஆயுள் காப்பீட்டை அடகாக நீட்டும் ஜார்ஜிடம், நீ உயிரோடிருப்பதைவிடச் செத்தால்தான் மதிப்பு என்கிறான் பாட்டர். கொடுமை என்னவென்றால், மூத்த குமாரனும் இத்தனை காலம் தன்னை அதே அளவுகோலால்தான் அளந்திருக்கிறான். வீட்டில் அவன் வெடிக்கிறான். இன்னொரு மகள் ஜேனி ஒரே கிறிஸ்துமஸ் பாட்டைத் திரும்பத் திரும்பப் பியானோவில் வாசிக்க, அதைக் கேட்டுக் கத்துகிறான். ஜூஜூவின் ஆசிரியையைத் தொலைபேசியில் திட்டுகிறான்.

மார்ட்டினியின் மதுக்கடையில் வரும் ஜெபத்தை நாற்பதுகளின் ஹாலிவுட்டில் ஓர் அதிசயம் என்றே சொல்லலாம். ஜெபிக்கிற ஆள் அல்ல நான், இருந்தால் வழி காட்டு என்று கெஞ்சும்போது ஸ்டூவர்ட் நிஜமாகவே உடைந்து அழுதார். அவ்வளவு நெருக்கமாகக் கேமராவை வைத்திருக்கவில்லை என்பதால், காப்ரா பின்னால் அந்தப் படச்சட்டங்களையே ஆய்வகத்தில் பெரிதாக்கி அண்மைக் காட்சியாக்கினார். ஜெபம் முடிந்ததும் கிடைப்பது தாடையில் ஒரு குத்து. திட்டு வாங்கிய ஆசிரியையின் கணவன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். உதடு கிழிந்து ரத்தம் வருகிறது. அந்த ரத்தம் பிறகு தேவைப்படும்.

பாலத்தில்

குதிக்கப் போகிறவனுக்கு முன்னால் கிளாரன்ஸ் குதித்துவிடுகிறான். காப்பாற்ற வந்தவன், காப்பாற்றப்பட வேண்டியவனாக நீரில் தத்தளிக்கிறான். மேலிருந்து கை நீட்டாமல், மூழ்குகிறவன் இருக்கும் குளிருக்குள் இறங்கி வருவது பிலிப்பியர் 2ஆம் அதிகாரம் சொல்லும் தாழ்மை. அறியாமலே தூதரை உபசரித்தவர்களைப் பற்றி எபிரெயர் நிருபம் பேசுவதும் இங்கே பொருந்தும். தற்கொலைக்கு வந்தவன் ஒரு கணமும் யோசிக்காமல் பாய்ந்து கிழவனை இழுக்கிறான். சிறகு, மணி எல்லாவற்றையும் இந்த ஒரு காட்சிக்காக மன்னிக்கலாம்.

பிறகு அந்த வார்த்தை: நான் பிறக்காமலே இருந்திருக்கலாம். யோபு 3ஆம் அதிகாரத்தில் தன் பிறந்த நாளைச் சபிக்கிறான், எரேமியாவும் சபித்திருக்கிறான். யோபுக்குக் கர்த்தர் விண்மீன்களையும் காட்டு மிருகங்களையும் காட்டினார். ஜார்ஜுக்குக் காட்டப்படுவது அவனில்லாத ஊர்.

பாட்டர்ஸ்வில் ஆகிவிட்ட அந்த ஊரைப் பற்றி எனக்கு ஒரு முறுமுறுப்பு உண்டு. நடனக்கூடங்களையும் மதுக்கடைகளையும் காட்டி இதோ நரகம் என்பதில் படம் சோம்பல்படுகிறது. மேரி கல்யாணமாகாமல் நூலகத்தில் வேலை பார்ப்பதைப் பெருங்கொடுமையாகக் காட்டுவதைப் பார்த்து இன்று யாரும் சிரிக்காமல் இருக்க முடியாது. ஆனால் கல்லறைத் தோட்டம் அப்படியல்ல. ஹாரியின் கல்லில் 1911, 1919 என்ற ஆண்டுகள். அண்ணன் இல்லாததால் தம்பி சிறுவயதிலேயே குளத்தில் போனான். தம்பி இல்லாததால் அந்தக் கப்பலில் இருந்த எல்லாரும் போனார்கள். அண்ணன் இத்தனை காலமாகப் பொறாமையோடு பார்த்த தம்பியின் பதக்கம், அவனுடைய காதிலிருந்து தொடங்கியது.

அதைவிட நுட்பமானது உடம்பு. பிறக்காதவனாக ஆனதும் இடது காது கேட்கிறது, உதட்டு ரத்தம் நின்றுவிடுகிறது, சட்டைப்பையில் ஜூஜூ கொடுத்த பூவிதழ்கள் காணாமல் போகின்றன. காயமும் பூவும் ஒரே பையில் இருந்தவை. ஒன்று போனால் மற்றதும் போகும். பாலத்துக்குத் திரும்பி ஓடி, மறுபடியும் வாழவேண்டும் என்று கடவுளிடம் அழுகிறான். பனி விழத் தொடங்குகிறது. தேடி வந்த பெர்ட்டிடம் அவன் துள்ளிச் சொல்லும் நற்செய்தி, என் வாயிலிருந்து ரத்தம் வருகிறது என்பது. யோவான் 20இல் தோமா காயத்தைப் பார்த்துத்தான் ஆளை நம்புகிறான். உயிர்த்தெழுந்த உடம்பில் தழும்பு அழியவில்லை என்பது கிறிஸ்தவத்தின் விசித்திரமான பிடிவாதங்களில் ஒன்று. காப்ரா அதை ஒரு கிழிந்த உதட்டில் வைத்துக் காட்டிவிட்டார்.

உள்ளே

கவனிக்க வேண்டியது வரிசை. ஜார்ஜ் பனியில் கத்திக்கொண்டு ஓடும்போது 8,000 டாலர் கிடைக்கவில்லை. பாட்டர் சன்னலுக்குள்ளிருந்து, சிறையில் புத்தாண்டு கொண்டாடு என்கிறான். வீட்டில் கைது ஆணையோடு ஷெரிஃப் நிற்கிறார். நான் சிறைக்குப் போகப் போகிறேன், எவ்வளவு அருமை என்று ஜார்ஜ் கொண்டாடுகிறான். கழன்று கழன்று எரிச்சலூட்டிய மாடிப்படிக் குமிழுக்கு முத்தம் கொடுக்கிறான். அத்திமரம் துளிர்க்காமல், தொழுவத்தில் மாடில்லாமல் போனாலும் மகிழ்வேன் என்று ஆபகூக் சொல்லும் மகிழ்ச்சி இது. உன்னிடம் எல்லாம் முன்பே இருக்கிறது என்று வாசலில் நின்று தகப்பன் சொன்னது மூத்தவனுக்கு இப்போதுதான் கேட்கிறது.

படத்தின் மூலக்கதையான பிலிப் வான் டோரன் ஸ்டெர்னின் ‘தி கிரேட்டஸ்ட் கிஃப்ட்’டில் இந்தப் பண நெருக்கடியே கிடையாது, அலுத்துப்போன ஒரு சாதாரண மனிதன் பாலத்தில் நிற்கிறான், அவ்வளவுதான். யாரும் அச்சிட முன்வராததால் ஸ்டெர்ன் 1943இல் 200 பிரதிகள் போட்டு கிறிஸ்துமஸ் வாழ்த்தாக நண்பர்களுக்கு அனுப்பிய கதை அது. பணத்தைத் திரைக்கதைக்காரர்கள் சேர்த்தார்கள். சேர்த்தவர்கள் அது வந்து சேர்வதை மனமாற்றத்துக்குப் பின்னால் வைத்ததால்தான் கடைசிக் காட்சி லஞ்சமாகத் தெரியாமல் விருந்தாகத் தெரிகிறது.

விருந்துக்கு ஊரே வருகிறது. காரணம் கேட்காமல் கூடை கூடையாகக் கொட்டுகிறார்கள். கணக்குச் சரிபார்க்க வந்த அதிகாரிகூடப் பணம் போடுகிறார். லண்டனிலிருந்து பழைய நண்பன் சாம் வெயின்ரைட் 25,000 டாலர் வரை தரத் தந்தி அடிக்கிறான். அப்போஸ்தலர் 4ஆம் அதிகாரத்தில் ஆதிச்சபையார் கொண்டுவந்து வைத்தது இப்படித்தான் இருந்திருக்கும். 1947இல் எஃப்.பி.ஐ. குறிப்பு ஒன்று, வங்கிக்காரரை இழிவுபடுத்தும் இந்தப் படத்தில் கம்யூனிச வாடை அடிப்பதாகச் சந்தேகித்தது. அப்போஸ்தலர் நடபடிகளை அந்த அலுவலர் படித்திருந்தால் அதன்மேலும் ஒரு கோப்பு திறந்திருப்பார்.

ஜேனி வாசித்து அவன் கத்திய அதே பாட்டு, சார்ல்ஸ் வெஸ்லி எழுதிய கிறிஸ்துமஸ் பாட்டு, இப்போது ஊரார் வாயில். பதக்க விருந்தை விட்டுவிட்டுப் புயலில் பறந்து வந்த ஹாரி கோப்பையை உயர்த்துகிறான்: என் அண்ணனுக்கு, ஊரிலேயே பெரிய பணக்காரனுக்கு. இந்த முறை விருந்து மூத்தவனுக்கு, அதை நடத்துகிறவன் இளையவன். நண்பர் உள்ளவன் தோற்றவனல்ல என்று கிளாரன்ஸ் புத்தகத்தில் எழுதிவைக்கும் வாசகம் இதற்குப் பக்கத்தில் வாழ்த்து அட்டை வரிபோல் மெலிந்து தெரிகிறது. நண்பரில்லாதவனுக்கு அதில் என்ன சுவிசேஷம்?

பாட்டர் அந்த வீட்டில் இல்லை. 8,000 டாலர் அவனிடமே இருக்கிறது. யாருக்கும் தெரியாது, யாரும் தேடவும் இல்லை. குற்றவாளி தப்பக்கூடாது என்று தணிக்கை விதி இருந்த காலத்தில் காப்ரா அவனை அப்படியே விட்டுவிட்டார். பயிரும் களையும் அறுப்புவரை சேர்ந்தே வளரட்டும் என்கிற மத்தேயு 13 பார்வையாளருக்குப் போதவில்லை. 1986இல் ‘சாட்டர்டே நைட் லைவ்’ நகைச்சுவை நிகழ்ச்சி, தொலைந்துபோன கடைசிக் காட்சி என்று ஒன்றை நடித்துக் காட்டியது. பணம் பாட்டரிடம் போனது தெரியவர, ஊரார் பாட்டை நிறுத்திவிட்டு அவன் வீட்டுக்குப் போய் அடித்து நொறுக்குகிறார்கள். சிரிப்பு வெடிக்கிறது, திருப்தியும் கிடைக்கிறது. ஆனால் அதற்காக ஜார்ஜ் மறுபடியும் விருந்தை விட்டு வெளியே போகவேண்டியிருக்கிறது.